பள்ளிவாசலின் அழகு

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

பள்ளிவாசல் கட்டுவது நற்செயல் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. எவ்வாறு கட்டுவது என்பதே சிந்தனைக்குரியது. அல்அஃராஃப் அத்தியாயத்தில், தொழுமிடந்தோறும் அழகை மேற்கொள்ளுமாறு பணிக்கும் அதே வசனம் வீண்விரயத்தையும் தடுக்கிறது. ஆகவே, அழகும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இதற்கு நம் காலத்துச் சான்று, டாக்கா நகரின் வடபகுதியில் 2012ஆம் ஆண்டு நிறைவுற்ற பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலாகும். வடிவமைத்தவர் மரீனா தபஸ்ஸும் அம்மையார். நிலம் வழங்கியவர் அவருடைய பாட்டியார். பாட்டியார் இடையிலேயே மறைந்துவிட, பேத்தியாரே நிதி திரட்டிப் பணியை முடித்தார். 2016இல் அதற்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது.

அப்பள்ளியில் குப்பாவும் இல்லை, மினாராவும் இல்லை. வெள்ளம் புகாதவாறு உயர்த்திய மேடை, அக்கம்பக்கத்தார் கூடும் திண்ணையாகவும் பயன்படுகிறது. வெளியே சதுரம், அதனுள் வட்டம், அவ்வட்டத்தினுள் கிப்லாவை நோக்கித் திரும்பிய தொழுகைக் கூடம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடைப்பட்ட முற்றங்களில் வானொளி இறங்குகிறது. துளையிட்ட செங்கற் சுவர்கள் காற்றை உள்ளே விடுகின்றன. கூரையின் சிறு வட்டத் திறப்புகள் வழியே ஒளி தரையில் புள்ளி புள்ளியாய் விழுகிறது. அங்கே வெயிலே அலங்காரம்!

வண்டல் மண் நிறைந்த வங்கத்தில் கல் அரிது. செங்கல்லே அந்நாட்டின் தொன்மையான கட்டுபொருள். 15ஆம் நூற்றாண்டின் பாகர்ஹாட் பள்ளியும் செங்கல்லால் ஆனதே. அதன் மீது குப்பாக்கள் உள்ளனவே எனில், கான்கிரீட் இல்லாத காலத்தில் செங்கல்லால் அகன்ற கூரை அமைக்க அவை தேவைப்பட்டன. அன்று தேவையாயிருந்தது, இன்று சமதளக் கூரையின் மீது வெறும் அடையாளமாக ஏற்றப்படுகிறது. செங்கல் சுடவும் எரிபொருள் செலவாகும்; எனவே எப்பொருளையும் குறையற்றதென நாம் கூறவில்லை. அளவறிந்து பயன்படுத்துவதே அறம்.

மினாரா இல்லையெனில் பள்ளிவாசலென்று எவ்வாறு அறிவது எனச் சிலர் வினவலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிக்குச் சுடாத செங்கல்லே சுவர். பேரீச்ச மரமே தூண். அதன் மட்டையே கூரை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அதனைக் கல்லாலும் தேக்காலும் புதுப்பித்தார்கள். உறுதியாகக் கட்டுவது தடுக்கப்பட்டதன்று. பகட்டே தவிர்க்கப்பட வேண்டியது. நம் கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளும் இம்மண்ணின் கல்தூண் முறையிலேயே எழுந்தவை.

சகோதரர்களே! பள்ளிவாசல் நிதி அமானிதம். அன்றாடக் கூலியாளின் நாணயமும் அதில் கலந்திருக்கிறது. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்குமுன் நாம் நான்கு கேள்விகளைக் கேட்போம். ளுஹர் நேரத்தில் விளக்கின்றித் தொழ இயலுமா? காற்று தானாக வந்து போகுமா? ஒளூச் செய்த நீர் மரங்களுக்குப் பாயுமா? அண்டை வீட்டாரின் வெளிச்சத்தை நம் சுவர் மறைக்குமா? ஓடும் ஆற்றருகிலும் நீரை விரயம் செய்யலாகாது எனக் கற்ற சமுதாயம் நாம். மாதந்தோறும் வரும் மின்கட்டணமும் அந்தக் கணக்கில் அடங்கும்.

தன் இல்லங்களை அழகுறவும் அளவோடும் கட்டும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.