பத்து வெள்ளிப் பொருளும் மூன்றாவது பின்னும்



மாலை ஆறு மணிக்கு மேல் எந்தத் தாமானின் பசார் மாலாமுக்குச் சென்றாலும் ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் காணலாம். பலகாரக் கடைகளையும் பழக் கடைகளையும் தாண்டினால் அந்த மேசை வரும். கொசு அடிக்கும் மட்டை, தோட்டத்தில் குத்தி வைக்கும் சூரிய விளக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு விசிறி, பயணப் பெட்டியை எடை போடும் கைத் தராசு, நான்கு துவாரம் கொண்ட எக்ஸ்டென்ஷன், பவர் பேங்க் என்று எல்லாம் குவிந்திருக்கும். "பத்து வெள்ளி, பத்து வெள்ளி" என்று ஒரு குரல் அழைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் வாங்குகிறவர்களுக்கும் இதே பொருள்கள்தாம் வந்து சேர்கின்றன. கூவுகிற குரல் மட்டும் இல்லை.

இவற்றை வாங்குவது வீண் செலவு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மலிவு என்றாலே மட்டம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. பத்து வெள்ளி கைத் தராசு, சென்னையிலிருந்து திரும்பும் குடும்பம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, முறுக்கையும் பட்டுப் புடவையையும் ஊர் பார்க்க வெளியே எடுத்துப் போடும் கோலத்திலிருந்து காப்பாற்றிவிடும். கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தில் அப்படிப்பட்ட தராசுகள் பல வாங்கலாம்.

ஆகவே என்ன விலை என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தப் பொருள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? தராசு கெட்டால் பத்து வெள்ளி போகும். சூரிய விளக்கு கெட்டால் தோட்டம் இருட்டாகும். ஆனால் சுவரில் செருகும் பொருள் கெட்டால், கெட்ட நேரத்தில் வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால், போவது பத்து வெள்ளி மட்டுமல்ல. மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. விலையும் ஒன்றுதான்.

கொசு மட்டையையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது இல்லாத வீடு குறைவு. பல மட்டைகளின் அடியில் இரண்டு தட்டைப் பின்கள் வெளியே வரும். இங்குள்ள சுவர் சாக்கெட்டுக்கு மூன்று பின் வேண்டும். அப்புறம் என்ன நடக்கிறது? பேனா மூடியையோ சாப்பிடும் குச்சியையோ சாக்கெட்டின் மேல் துவாரத்தில் அழுத்தினால் கீழ் இரண்டு துவாரங்களின் மூடியும் திறந்துகொள்ளும். இரண்டு பின்னை அதில் திணித்துவிடலாம். அப்பா செய்வார், பிள்ளை பார்ப்பான். அடுத்த வாரம் பிள்ளையே செய்வான், அவன் கையில் இருப்பது இரும்பு ஆணியாகவும் இருக்கலாம்.

அந்த மூடியை யாரும் வேடிக்கைக்காக வைக்கவில்லை. இங்கே பயன்படும் மூன்று பின் பிளக் பிரிட்டிஷ் தர விதியின்படி அமைந்தது. அந்த விதி 1947இல் வெளியிடப்பட்டது. மேலே இருக்கும் பின் மற்ற இரண்டையும் விடச் சற்று நீளம். அது முதலில் உள்ளே போய் எர்த் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகுதான் மின்சாரம் வரும் துவாரங்கள் திறக்கும். ஒயரோடு வரும் பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு சிறு பியூஸ் இருக்கும். 3 ஆம்பியர், 13 ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்கும். ஒயர் தாங்காத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால் முதலில் அந்தப் பியூஸ் உருகி ஒயரைக் காப்பாற்றும்.

குச்சியால் குத்தித் திணித்த இரண்டு பின்னுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பியூஸ் இல்லை. பின்னும் சாக்கெட்டும் சரியாகப் பொருந்தாததால் இடைவெளியில் தீப்பொறி தோன்றும், சூடேறும். சாக்கெட்டுக்குப் பின்னால் மின் பெட்டியில் இருக்கும் துண்டிப்பான் 20 அல்லது 32 ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளும். பென்சில் ஈயத்தைவிடச் சற்றே தடித்த ஒயர் அதற்கு முன்பே எரிந்துவிடும். இந்த ஆபத்தை நீக்க, அங்கீகாரம் பெற்ற, பியூஸ் உள்ள அடாப்டர் ஒன்று போதும். அதுவும் மலிவுதான். கொசு மட்டையைப் பற்றி இன்னொன்று: பூச்சி மருந்து அடித்த கையோடு மட்டையை வீசக் கூடாது. பல ஸ்ப்ரே டின்களில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு, மட்டையில் பறப்பது தீப்பொறி.

மூன்று பின் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதிலும் போலி உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சரியான பிளக்கில் கீழ் இரண்டு பின்களின் அடிப்பகுதியில் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்கும். மேலே உள்ள எர்த் பின் உலோகமாக இருந்தால் அதில் உறை இருக்காது. அந்தப் பின்னுக்கும் அழகுக்காக உறை போட்டிருந்தால், செய்தவருக்கு அந்தப் பின் எதற்கு என்றே தெரியவில்லை என்று பொருள். தெரியாதவர் செய்த பிளக்கை இஸ்திரிப் பெட்டியில் மாட்டலாமா?

மலேசியாவில் இந்தப் பிளக், அடாப்டர், எக்ஸ்டென்ஷன், கெட்டல், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி போன்றவற்றை விற்க எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் அப்படிச் சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற பொருளில் சிரிம் முத்திரை ஒட்டியிருக்கும். சிங்கப்பூரில் இது பாதுகாப்பு முத்திரை என்று அழைக்கப்படுகிறது.  முத்திரையோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். வெளிநாட்டுக் கடையிலிருந்து அஞ்சலில் நேராக வீட்டுக்கு வரும் பொருளில் இந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. படத்தில் அழகாக இருந்ததே என்று பிறகு சொல்லிப் பயனில்லை. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் முத்திரையின் படத்தைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

எக்ஸ்டென்ஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருநாள் வந்தால், வீட்டில் விருந்து வைத்தால், இது இல்லாமல் சமையல் இல்லை. நான்கு துவாரம் இருக்கிறது, நான்கிலும் செருகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு துவாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒயர், ஒரே 13 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். கெட்டல் ஒன்று 2,000 வாட் இழுக்கும். பக்கத்தில் 1,500 வாட் அடுப்பைச் செருகினால் கணக்குத் தாண்டிவிட்டது. பிளக்கில் சரியான பியூஸ் இருந்தால் அது உருகும், சோறு பாதியில் நிற்கும், அவ்வளவுதான். பியூஸ் உருகுகிறதே என்று அலுமினியத் தாளைச் சுற்றி வைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுத்ததாக உருகப்போவது ஒயர்.

முழுச் சுமையைத் தாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரின் உள்கம்பி 1.25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒயரின் உறையிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணே இல்லாத ஒயரை மேசையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. சக்கரத்தில் சுற்றிய நீள ஒயரைத் தோட்ட வேலைக்கு எடுத்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே புல்வெட்டியை ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி நடுவில் உள்ள சுற்றுகள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் காவல் நிற்கும் ஒரு கருவி மின் பெட்டிக்குள் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். மின்சாரம் ஒயரை விட்டு விலகி மனித உடல் வழியாகப் பாயத் தொடங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகள் பல இது இல்லாமலே இருந்தன. 2020 டிசம்பரில் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வீட்டில் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். அந்த வீட்டில் இந்தக் கருவி இல்லை. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. கருவி இருக்கும் வீடுகளிலும் அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டிய நேரம் அது.

பசார் மாலாம் மேசையில் அதிகம் காணப்படாத, ஆனால் விலை அதிகமில்லாத ஒரு பொருள் உண்டு. பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவி. கூரையில் மாட்டிவிட்டால் புகை தட்டுப்பட்டதும் வீடே அதிரக் கத்தும். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் இது இருக்க வேண்டும் என்பது விதி. மலேசியாவின் தாமான் வீடுகளில் இதைப் பார்ப்பது அரிது. இரும்புக் கம்பிக் கதவும் சன்னல் கம்பியும் பூட்டிய வீட்டில் சாவியைத் தேடி எடுக்கவே நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது இந்தக் கருவிதான். சாமி அறைக்கு நேர் மேலே மட்டும் மாட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் கத்தும், இரண்டாவது வெள்ளிக்கிழமை யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

தோட்டத்துப் பொருள்களில் உயிர்ப் பயம் குறைவு. ஏமாற்றம்தான் அதிகம். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். 2007இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு பத்துக் கள ஆய்வுகளைப் பார்த்தது. கொசுக்கடி குறைந்ததற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. டிங்கி பரவும் வட்டாரத்தில் அந்தப் பெட்டியை நம்பிப் பிள்ளைகளை வாசலில் விளையாட விடுவது, கெட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை மறந்த செயல். தண்ணீர்த் தொட்டியை மூடும் கொசு வலைத் துணி அதைவிட மலிவு. வேலையும் செய்யும்.

சூரிய விளக்கை மட்டும் அநியாயமாகக் குப்பையில் போடுகிறார்கள். ஓராண்டு, இரண்டாண்டில் மங்கிவிட்டால் விளக்கு செத்துவிட்டது என்று பொருளல்ல. பலவற்றில் உள்ளே இருப்பது 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி. இரண்டு திருகாணியைக் கழற்றிப் புதிய பேட்டரி போட்டு, மேலே உள்ள தகட்டின் தூசியைத் துடைத்தால் மறுபடி எரியும். சாதாரணப் பேட்டரியை அதில் போட்டுவிடக் கூடாது, கசிந்து கெடுத்துவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் வேண்டுமே என்றால் தானியங்கிக் குழாய் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. போத்தலின் மூடியில் துளையிட்டு, பருத்திக் கயிறு ஒன்றைத் தண்ணீருக்குள்ளிருந்து தொட்டி மண்ணுக்குள் விட்டால் மண் தானே உறிஞ்சிக்கொள்ளும். திறந்த வாளியில் செய்தால் செடியோடு ஏடிஸ் கொசுவும் வளரும்.

பயணத்துக்கு வருவோம். உலகப் பிளக் என்று விற்கும் அடாப்டர் துவாரத்தின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இந்தியாவில் மின்சாரம் இங்குள்ளது போலவே 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. கைப்பேசி சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தால் எங்கும் கொண்டுபோகலாம். முடி உலர்த்தியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் பெரும்பாலும் அப்படி இருக்காது.

பவர் பேங்க் பெட்டியில் போடும் பொருள் அல்ல, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி, அனுமதிக்குள் இருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் புறப்படத் தயாராக நின்ற விமானம் தீப்பற்றியது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். இருக்கைக்கு மேலே உள்ள அறையில் வைத்திருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பிறகு கூறினார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும், அதற்குச் சார்ஜ் ஏற்றுவதையும் தடை செய்தன. சீனா அதே ஆண்டு ஜூன் 28 முதல், தன் உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

கொள்ளளவு எண்ணே இல்லாத பவர் பேங்கைச் சோதனை அதிகாரி எடுத்துவைத்துக்கொண்டால் வாதாட இடமில்லை. வயிறு உப்பிய பவர் பேங்க் என்றால் விமானம் வரைக்கும் போகவே தேவையில்லை. அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்தி, படுக்கையறையை விட்டு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்துவிட வேண்டும். அதைக் குப்பைத் தொட்டியில் வீசினால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில், உப்பியது என்று முன்பே சொல்லி, அவர்கள் சொல்கிற முறையில் ஒப்படைக்க வேண்டும்.