குழலுக்குள் எழும் அழுத்தம்

அமெரிக்க நாட்டில் வேட்டைக்குச் செல்வோருள் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளை உறைகளை எறிந்துவிடுவதில்லை. அவற்றில் புதுக் கேப்பும் வெடிமருந்தும் குண்டும் இட்டு, வீட்டிலேயே தோட்டா செய்துகொள்கின்றனர். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வதை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தடுக்கின்றது. 1972ஆம் ஆண்டின் சட்டம் வேட்டையையும் தடுக்கின்றது. ஆயினும் அவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சிக்கல், பௌதிகம் பயிலும் எவர்க்கும் சிந்தனைக்கு விருந்தாகும். கண்ணால் காணமுடியாத ஓர் அழுத்தத்தை எவ்வாறு அறிவது என்பதே அது.

1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென அமைந்த 30-06 என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்கு விதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இஃது ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. சுடுவோனுடைய கண்ணுக்கும் அதற்கும் இடையே உள்ளவை ஒரு பித்தளை உறையும் சிறிது எஃகுமே.

விறகடுப்பில் எரியும் தீயைப்போன்றதன்று வெடிமருந்தின் தீ. அழுத்தம் மிகுந்தால் அது விரைந்து எரியும். விரைந்து எரிந்தால் அழுத்தம் மேலும் மிகும். ஆகவே மருந்தைச் சிறிது கூட்டினால் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும் என்று கணக்கிடுதல் பிழை. மருந்தின் அளவு மாறாமலே அழுத்தம் உயர்வதும் உண்டு. குண்டை உறைக்குள் ஆழமாக அழுத்தினால் மருந்திற்குரிய இடம் குறைந்து அழுத்தம் ஏறுகின்றது. சரி, வெளியே நீளவிட்டால் குறையுமா? ஓரளவு குறையும், ஆனால் குண்டு குழலின் சுழற்பள்ளங்களைத் தொட்டுக்கொண்டு நிற்குமாயின், தொடக்கத் தடையினால் மீண்டும் ஏறும்! பலமுறை சுட்டு நீண்டுபோன உறையின் கழுத்து, குண்டை நெரித்துப் பிடிப்பதுண்டு. படைத்துறை உறைகள் பெரும்பாலும் தடித்தவை. அவற்றினுள் இடம் குறைவு. வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டாவும் மிகை அழுத்தம் தரும்.

இவற்றுள் எது குற்றவாளி? வேட்டைக்காரர் சுட்ட உறையைக் கையில் எடுத்துப் பார்க்கின்றார். கேப்பு தட்டையாகியிருக்கின்றது, அடிப்பக்கத்தில் பளபளவென ஒரு தழும்பு, துப்பாக்கியின் போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கின்றது. பித்தளை சுடும்பொழுது விரிந்து, பின் சுருங்கி எளிதில் வெளிவரவேண்டும். தாங்கும் எல்லையைக் கடந்து விரிந்துவிட்டால் அது போதிய அளவு சுருங்குவதில்லை. எஃகு மட்டும் தன் பழைய அளவிற்கு மீண்டு உறையை இறுகப் பற்றிக்கொள்கின்றது. போல்ட்டு இறுகுவதன் காரணம் இதுவே.

ஆனால் இச்சான்றுகளை முழுதும் நம்புவதற்கில்லை. மெல்லிய கேப்பு குறைந்த அழுத்தத்திலும் தட்டையாகும். அழுக்கேறிய அறையிலும் உறை ஒட்டிக்கொள்ளும். இதனினும் கொடியது, சான்று காலந்தாழ்த்தி வருவது. பித்தளை சாட்சி சொல்லும் நேரத்தில் விதித்த எல்லை பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அறிகுறி காணவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பாரின் தருக்கம் எனக்கு உடன்பாடன்று. குண்டின் வேகத்தை அளக்கும் கருவி அவரிடம் இருக்குமாயின், அது முன்னரே எச்சரிக்கும். நூலில் கண்டதைவிட வேகம் மிகுந்திருந்தால், அவ்வேகம் வேறெங்கிருந்து வந்திருக்கும்?

ஐயம் தோன்றியவுடன் எஞ்சிய தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிட வேண்டும். பின்னர், அச்சிட்ட அளவுநூலில் உள்ள தொடக்க அளவிற்குத் திரும்பி, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். கேப்பு, உறை, குண்டு மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுக் காரணம் தேடுகின்றவர், நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மூன்று குடுவைகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டு விடை கேட்கும் மாணவனைப் போன்றவர்.

அறிஞர்கள் அளக்கும் வழி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட்ரூ நோபிள் என்பார் குழலில் சிறு துளையிட்டு, ஓர் உந்துதண்டின்கீழ்ச் செம்பு உருளையை வைத்தார். செம்பு எவ்வளவு நசுங்கிற்றோ, அவ்வளவு அழுத்தம். பொறிவன்மையுள்ள வழிதான், எனினும் அழுத்தத்தின் உச்சம் நொடியில் ஆயிரத்திலொரு கூறளவே நிற்பது. அதற்குள் செம்பு முற்றும் நசுங்க அவகாசமில்லை. 1880ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக்கும், அழுத்தினால் சிலவகைப் படிகங்களில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். பிற்காலத்தில் அப்பண்பு துப்பாக்கிக் குழலுக்கும் அளவுகோலாயிற்று. அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாகவே வரைந்து காட்டிற்று.

இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் ஒரு வியப்பு உண்டு. 308 வின்செஸ்டர், 223 ரெமிங்டன் என்னும் இரு தோட்டாக்களுக்கும் செம்பு அளவையில் விதித்த உச்சம் ஒன்றே: 52,000. படிக அளவையிலோ முன்னதற்கு 62,000, பின்னதற்கு 55,000. ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றுவதற்குப் பொதுவான வாய்பாடு இல்லை. பழைய நூலின் எண்ணையும் புதிய நூலின் எண்ணையும் அருகருகே வைத்துப் படிக்கும் வேட்டைக்காரர், அவ்வெண் செம்பு சொன்னதா, படிகம் சொன்னதா என்பதை முதலில் பார்க்கின்றார்.