கணிப்பொறியில் தமிழ்: உரிமைக் குடியா, கூலிக் குடியா?

(அவிநாசியில் தமிழுணர்வாளர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் நடைபெறும் ஊரின் பெயரையே முதலில் எண்ணிப் பாருங்கள். சுந்தரர் பாடிய நாளில் இவ்வூரின் பெயர் புக்கொளியூர். அவிநாசி என்பது கோயிலைக் குறித்த பெயர். அழிவில்லாதது என்று பொருள்படும் அவ்வடசொல் நாளடைவில் கோயிலினின்று இறங்கி ஊரையே பற்றிக்கொண்டது. புக்கொளியூர் என்னும் தமிழ்ப்பெயரோ பதிகத்தோடு நின்றுவிட்டது. எவரும் ஆணையிட்டு அதனை அழிக்கவில்லை. எவரும் அதனைக் காக்கவுமில்லை. ஒரு பெயரை இழப்பதற்குப் பகைவன் படையெடுத்து வரவேண்டுவதில்லை. உரியவன் வாளா இருந்தாலே போதும்.

ஊர்ப்பெயருக்கு நேர்ந்தது இன்று எழுத்துக்கு நேரலாகுமா என்பதே இப்பொழிவின் பொருள்.

நாளிதழைப் புரட்டினால் புதிய கைப்பேசி வந்தது, புதிய கணிப்பொறி வந்தது என்னும் செய்தி வராத நாளில்லை. விலை என்ன, படம் எடுக்கும் திறம் எத்தகையது, மின்கலம் எத்துணை நேரம் தாங்கும் என்றெல்லாம் விரிவாக எழுதுகின்றனர். அக்கருவியில் தமிழ் எந்நிலையில் இருக்கின்றது என்று எழுதுவாரைக் காண்பது அரிது. கடைக்குச் சென்று வாங்குவாரும் அதனைக் கேட்பதில்லை.

கொங்கு நாட்டார் பொறிக்கு அஞ்சியவர் அல்லர். கலங்கல் ஊரில் பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு அயல்நாட்டு உந்துவண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துப் பொறியறிவு பெற்றவர். 1937-ஆம் ஆண்டில் கோவையிலேயே மின்னோடி செய்யப்பட்டது. நீரேற்றும் பொறியும் மாவரைக்கும் பொறியும் இம்மண்ணில் உருவாகி நாடெங்கும் சென்றன. ஒரு பொறி வந்தால் அதன் மூடியைத் திறந்து உள்ளே இருப்பது யாது என்று பார்ப்பது இம்மண்ணின் இயல்பு. கைப்பேசி ஒன்றைத்தான் திறந்து பாராமலே வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்கின்றனர். இன்று அதன் மூடியைச் சற்றே திறந்து பார்ப்போம்.

எழுத்துக்கு அளிக்கப்பட்ட இடம்

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் அவ்வெண்ணைக் கொண்டு அது எழுத்தைக் காட்டும். தொடக்கத்தில் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண்முறை என்றிருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றவர் பொறியில் பொருளற்ற கீறல்களாய்த் தோன்றிற்று. இக்குழப்பத்தை நீக்க, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண்முறை வகுக்கும் முயற்சி எழுந்தது. அதுவே ஒருங்குறி. அமெரிக்க நாட்டுக் கணிப்பொறிக் குழுமங்கள் முன்னின்று அமைத்த கூட்டிணையம் அதன் முதற்பதிப்பை 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். ஒதுக்கிய முறை, தமிழரைக் கேட்டுச் செய்ததன்று. நடுவண் அரசு 1988-இல் வகுத்த 'இசுக்கி' என்னும் குறிமுறையையே அடியொற்றினர். அக்குறிமுறையோ தேவநாகரி எழுத்தை அச்சாகக் கொண்டு, பிற மொழிகளையெல்லாம் அவ்வச்சில் ஊற்றியது. தமிழும் அதே அச்சில் ஊற்றப்பட்டது.

விளைவு யாது? மெய்யும் உயிரும் தனித்தனி நின்று, பின் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழ் மாணவன் கற்கும் முதற்பாடம். ஒருங்குறியிலோ இது தலைகீழாயிற்று. அங்கு 'க' என்னும் உயிர்மெய்க்கு ஓர் எண். 'க்' என்னும் மெய்க்குத் தனியெண் இல்லை. 'க'வை எழுதி, அதன்மேல் புள்ளியை மற்றோர் எண்ணாக இட்டால்தான் மெய் கிடைக்கும். இலக்கணத்தில் அடிப்படையாய் நின்றது பொறியில் வழிப்பொருளாயிற்று.

இது வெறும் இலக்கண வருத்தமன்று. பயன்படுத்துவோர் பையையும் தொடும். 'தமிழ்' என்பது மூன்றெழுத்துச் சொல். பொறிக்குள் அஃது ஐந்து எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் மிகுதியும் வழங்கும் முறைப்படி ஆங்கில எழுத்தொன்று ஓர் அலகில் அடங்க, தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று அலகு கொள்ளும். எனவே 'தமிழ்' என்னும் சொல்லுக்குப் பதினைந்து அலகு. குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடமே. அந்த எழுபதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் இடம் கழியும். சீன மொழிக்கும் 70 என்னும் வரம்பு உண்டு. ஆயின் சீன எழுத்து ஒன்றுக்கு ஓரிடமே.

கொரிய மொழியைப் பாருங்கள். அதன் எழுத்தும் உயிரும் மெய்யும் கூடி அமைவதே. கூட்டெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்று கொரியர் நின்றனர். 1996-இல் வந்த ஒருங்குறிப் பதிப்பில் 11,172 இடங்கள் பெற்றனர். தமிழின் எழுத்துகளோ மொத்தம் 247. பதினோராயிரத்துக்கு இடமிருந்த வீட்டில் இருநூற்று நாற்பத்தேழுக்கு இடமில்லாமற் போனதன் கரணியம் எண்ணத்தக்கது. கொரியர்க்கு ஒரு நாடு உண்டு. அந்நாட்டுக்கென ஒரு தரமுறை உண்டு. அதனை எடுத்துச் சொல்ல ஆளும் உண்டு. தமிழோ தில்லி வகுத்த அச்சின் வழியே உள்ளே நுழைந்தது.

இன்று திரையில் தமிழ் பழுதின்றித் தோன்றுகின்றது, தேடினால் கிடைக்கின்றது, பின் எதற்கு இவ்வருத்தம் என்று கேட்பாரும் உளர். அவர் கூற்றிலும் மெய்யுண்டு. பல்வேறு பொறிகளுக்கிடையே தமிழ் தடையின்றிச் சென்றுவர வழி செய்தது ஒருங்குறியே. அதனை வேண்டாவென்று ஒதுக்கிவிட்டு இன்று எவரும் வாழவியலாது. ஆயின் ஒருமுறை இட்ட எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியாரின் உறுதியான நெறி. இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாதவன் இழந்தது எளிதில் மீளாது என்பதே இதிற் பெறும் பாடம்.

கேட்டபோது கிடைத்தவை

கேட்டபோதெல்லாம் கிடைத்தது என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். சிங்கையில் தமிழாசிரியராய் விளங்கிய நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். 1997-இல் அங்கு நடந்த முதல் தமிழிணைய மாநாட்டுக்கும் அவரே முன்னோடி. பெருங்குழுமங்கள் தமிழைத் திரும்பியும் பாராத நாளில், தமிழ் கற்பித்தவரும் தமிழ்ப்பற்றுள்ள பொறியாளரும் செய்த பணி இது.

அதன் தொடர்ச்சியாக 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாய்த் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை பிறந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. 2010 சூன் திங்களில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியோடு, எழுத்தனைத்துக்கும் தனித்தனி இடமளிக்கும் பதினாறு நுண்மிக் குறிமுறையையும் அரசு ஏற்று ஆணையிட்டது. அவ்வாணை இன்றும் உண்டு. பெருங்குழுமங்களின் கருவிகளில் அம்முறை இடம்பெறவில்லை. ஆணை மட்டும் போதாது, அதன்பின் கேட்கும் வாய்களும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அதே 2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்ததை இளைஞர் பலர் அறியார். தமிழுக்குரிய பகுதியில் கிரந்த எழுத்துகள் இருபத்தாறினைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவு ஒருங்குறிக் கூட்டிணையத்துக்குச் சென்றது. கிரந்தத்துக்கென அமைக்கவிருந்த தனிப்பகுதியில் தமிழின் எகர ஒகரங்களையும் ழகர றகர னகரங்களையும் கலக்க வேண்டும் என்று மற்றொரு முன்மொழிவும் சென்றது. தமிழறிஞரும் தமிழ் மன்றங்களும் கொதித்தெழுந்தனர். அன்றைய முதலமைச்சர் நடுவண் அரசுக்கு மடல் எழுதினார். முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2014-இல் கிரந்தம் தனக்கெனத் தனிப்பகுதி பெற்றது. தமிழ்ப்பகுதியில் அவ்விருபத்தாறும் நுழையவில்லை. கிரந்தப் பகுதியில் ழகர றகர னகரங்களும் நுழையவில்லை. சமற்கிருத நூலை எழுத விரும்புவார்க்கு அவர்தம் எழுத்துக்கு இடம் கிடைத்தது. அதனை எவரும் மறுக்கவில்லை. தமிழின் வீட்டுக்குள் குடியேற்றுவதையே மறுத்தனர்.

ஆனால் 2005-இல் வந்த பதிப்பில் வடமொழி ஒலி ஒன்றுக்கென ஓர் எழுத்துத் தமிழ்ப்பகுதியில் சேர்ந்துவிட்டது. அன்று இத்தகைய கிளர்ச்சி எழவில்லை. விழித்திருந்தபோது இருபத்தாறு தடுக்கப்பட்டன. அயர்ந்திருந்தபோது ஒன்று நுழைந்தது.

கட்டைவிரலில் நேரும் இழப்பு

இதுவரை கூறியவை பிறரால் நேர்ந்தவை. இனிக் கூறுவது தமிழர் தம் கையாலேயே செய்துகொள்வது.

கைப்பேசியில் 'அம்மா' என்று எழுத விரும்பும் இளைஞன், ஆங்கில எழுத்துகளில் ஐந்தினைத் தட்டுகின்றான். பொறி அதனைத் தமிழாக மாற்றித் தருகின்றது. பலர் அம்மாற்றத்தையும் வேண்டாமல் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்பிவிடுகின்றனர். தாய்ச்சொல்லை நினைக்கும்போதே அயலெழுத்து அவன் கண்முன் வந்து நிற்கின்றது. லகர ளகர ழகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் முதலில் விரலில் மறைகின்றன. பின் செவியில் மறைகின்றன. அடுத்த தலைமுறையில் நாவிலும் மறையும்.

தமிழ் 99 பலகையோ தமிழிலக்கணத்தையே விசையாக்கியது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகள் போதும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்வரிசை வலக்கையில். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஆதலின் 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். 'தங்கம்' எழுதும்போது ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் தானே மெய்யாகும். வல்லினத்துக்கு இனமான மெல்லினம் எது என்று இலக்கணம் கற்பித்ததை விசைப்பலகை அறிந்திருக்கின்றது. வடவெழுத்துகள் மேற்றட்டுக்கு ஒதுக்கப்பட்டன. வேண்டுவோன் தேடிச்சென்று தட்டவேண்டும்.

இத்தகைய பலகை செல்லினம் என்னும் செயலியில் உண்டு. 2013 முதல் ஆப்பிள் கைப்பேசியிலேயே உண்டு. விலை கொடுத்து வாங்கிய கருவிக்குள் வாளா கிடக்கின்றது. ஆங்கில எழுத்து முன்பே பழகியது, அதுவே எளிது என்பார் உளர். முப்பத்தொரு விசையைப் பழக நாளுக்கு அரைமணி நேரமாகச் சில கிழமைகள் போதும். மிதிவண்டி பழகவும் சில நாள் முழங்கால் தேயத்தான் செய்தது.

இப்போது உரையாடும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துள்ளன. மக்கள் எழுதி இணையத்தில் இட்டவற்றைப் படித்தே அவை மொழி கற்கின்றன. ஆங்கில எழுத்தில் எழுதிய அரைகுறைத் தமிழை இட்டால் அதையே தமிழென்று கற்கும். அன்றியும் அவை சொற்களைத் துண்டுகளாக்கி எண்ணுகின்றன. ஆங்கிலச் சொல்லினும் தமிழ்ச்சொல் மிகுந்த துண்டுகளாய் உடைவதே பெரும்பாலும் நிகழ்வது. துண்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் குழுமத்திடம், ஒரே கேள்வியைத் தமிழிற் கேட்பவன் மிகுதியாகக் கொடுக்க நேரும். தன் மொழியில் பேசுவதற்கு ஒருவன் கூடுதலாய்க் கூலி கொடுப்பானாயின், அவன் அவ்வீட்டில் உரிமைக் குடியா, கூலிக் குடியா?

செய்ய வேண்டுவன

வருந்துவதோடு நிற்பது இயக்கத்தார்க்கு அழகன்று. செய்ய வேண்டுவன மூன்று.

முதலாவது, இன்றிரவே உங்கள் கைப்பேசியின் மொழியைத் தமிழாக்குங்கள். தமிழ் 99 பலகையை நிறுவிப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பயன்படுத்துவோர் தொகை பெருகினால் குழுமங்கள் தாமே தேடி வரும். வணிகன் கணக்கை மதிப்பான்.

இரண்டாவது, வாங்குமிடத்தில் கேளுங்கள். கடைப்பட்டியலைத் தமிழில் கேளுங்கள். பணம் தரும் பொறியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் கையேடு தமிழில் எங்கே என்று கேளுங்கள். அனைத்தெழுத்துக் குறிமுறை ஆணை என்னாயிற்று என்று அரசைக் கேளுங்கள்.

மூன்றாவது, தமிழெழுத்தில் எழுதி இணையத்தில் இடுங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள. எழுதியவர் கூலி பெறாத் தொண்டர். இவ்வட்டாரத்து ஊர், குளம், கோயில், தறி, பயிர், இவற்றின் பெயர்களை இம்மண்ணின் மக்களே எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?

1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது நகைத்தவர் பலர். இன்று கணினி, இணையம், மின்னஞ்சல் என்னும் சொற்களைச் சிறுவரும் வழங்குகின்றனர். அவை ஆணையால் நிலைபெறவில்லை. மக்கள் எடுத்தாண்டதனால் நிலைபெற்றன. எழுத்துக்கும் அதுவே வழி.

புக்கொளியூரை இழந்தது முன்னோர் காலத்து அயர்வு. எழுத்தை இழந்தால் அது இக்காலத்தார் அயர்வென்றே எழுதப்படும். அவ்வாறு எழுதுவதற்கேனும் அன்று தமிழெழுத்து இருக்க வேண்டும். விழித்திருங்கள், கேளுங்கள், எழுதுங்கள்.

வெல்க தமிழ்!