கரெண்டுக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் பாதி வயலுக்குப் போயிருக்கும். திடீரென்று கரெண்ட் நின்றுவிடும். "யாருப்பா பிடுங்கினது?" என்று மண்வெட்டியைக் கீழே போடுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சில நேரம் நம்ம ஊர் டிரான்ஸ்பார்மரில் இருக்கும். சில நேரம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும். அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். சில ஊரில் நீர்பாய்ச்சி என்பார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் பொறுப்பு. தலைமடைக்காரர் அவர் பேச்சை மீறி இரவோடு இரவாக வெட்டிவிட்டால் கடைமடை காய்ந்து போகும். கரெண்ட் விஷயமும் இப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: ஏரியில் தண்ணீர் தேங்கி நிற்கும், கம்பியில் கரெண்ட் தேங்காது. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவும் அந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும்.

கூடினாலும் குறைந்தாலும் எப்படித் தெரியும்? மின் நிலைய இயந்திரங்களின் வேகத்தைப் பார்த்தால் தெரியும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. கவலை இறைக்கும்போது சால் கனத்தால் மாட்டின் நடை தளருமே, அதுபோலச் சுமை கூடினால் இந்தச் சுழற்சி குறையும். சுமை குறைந்தால் ஏறும். அது மட்டுமல்ல, எல்லா மின் நிலையங்களும் களத்தில் பிணையல் கட்டிய மாடுகளைப் போல ஒன்றாகக் கட்டுண்டு சுற்றுகின்றன. ஒன்று இடறினால் மற்றதையும் இழுக்கும். வேகம் ரொம்பவும் தளர்ந்தால், இயந்திரம் கெடாமலிருக்க மின் நிலையம் தானாகவே கழன்றுகொள்ளும். மிச்சமிருப்பவற்றின் மேல் சுமை இன்னும் ஏறும். பிறகு ஒவ்வொன்றாகச் சாயும்.

இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. 2012-ஆம் ஆண்டு வடக்கே பருவமழை சரியாகப் பெய்யவில்லை. நெற்பயிரைக் காப்பாற்ற பம்புசெட்டுகள் ஓயாமல் ஓடின. வட மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் கரெண்டை இழுத்தன. மேற்கே பங்குக்கு மேல் கம்பியில் தள்ளினார்கள். போதாக்குறைக்கு முக்கியமான பல லைன்கள் வேலைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. "குறையுங்கள்" என்று கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து சொன்னதற்கு மாநிலங்கள் போதுமான அளவு செவி சாய்க்கவில்லை.

ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையிலுள்ள 400 கிலோவோல்ட் லைன் அறுபட்டது. லைனில் பழுது ஒன்றுமில்லை. மிதமிஞ்சிய சுமையைக் காப்புக் கருவி பழுது என்று எண்ணி வெட்டிவிட்டது. வடக்கு முழுவதும் இருண்டது. சாயங்காலம்தான் முழுதும் சரியாயிற்று. மறுநாள் பகல் 1 மணிக்கு மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் மேலே வர வழியில்லாமல் தவித்தார்கள். பிறகுதான் அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

அன்று நாம் எப்படித் தப்பினோம்? தெற்குப் பகுதி அப்போது தனிக் களம். வடக்கோடு பிணையல் கட்டவில்லை. ஆனாலும் கிழக்கிலிருந்து வந்த கரெண்ட் நின்றதால் நம் சுழற்சியும் 49-க்குக் கீழே இறங்கியது. உடனே தானியங்கிக் கருவிகள் சில லைன்களை வெட்டிச் சுமையைக் குறைத்தன. கொஞ்சம் இருட்டைத் தாங்கிக்கொண்டதால் தென்னாடு முழுவதும் பிழைத்தது. சில ஊரின் மடையை அடைத்து ஏரிக்கரையைக் காப்பாற்றின மாதிரிதான்.

2013 டிசம்பர் 31 முதல், ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அந்தப் பிணையலில் சேர்ந்துவிட்டோம். தேவைப்பட்டபோது தூரத்துக் கரெண்ட் நமக்கு வருகிறது. அதே சமயம் தூரத்துத் தப்பும் நம்மைத் தொடும். ஆகவே எல்லாரும் ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும்.

அந்த ஒழுங்கு என்ன? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுக்கிறது. சுழற்சி 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 2012-க்குப் பிறகுதான் இதை இவ்வளவு இறுக்கினார்கள். நீர்க்கட்டி வேலையைப் பார்ப்பவர்கள் டெல்லியிலும், தெற்குக்கு பெங்களூரிலும், நம் மாநிலத்துக்குச் சென்னையிலும் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, பெங்களூர் நிலையத்தின் உத்தரவை மீறினால் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பங்குக்கு மேல் இழுத்தாலும் பணம் கட்ட வேண்டும்.

சட்டம் இருந்தால் போதுமா? 2012-லும் சட்டம் இருந்தது. நீர்க்கட்டி சொல் எடுபடவில்லை என்றால் ஏரி யாருக்கும் உதவாது. நீர்க்கட்டி தப்பு செய்தாலும் ஊர்க் கூட்டத்தில் கேட்கிறோம் அல்லவா? அதுபோல மின்சாரத் துறையையும் கேட்கலாம். டிரான்ஸ்பார்மர் பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று மாநில ஆணையம் வரம்பு விதித்திருக்கிறது. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும் உண்டு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, ஐயா. மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, மோட்டாருக்கு ஏற்ற கெப்பாசிட்டர் பொருத்துங்கள். மோட்டாருக்கு வேலை செய்கிற கரெண்ட் போக, காந்தம் ஏற்றவும் கொஞ்சம் கரெண்ட் தேவை. அதைக் கெப்பாசிட்டர் கிணற்றடியிலேயே கொடுத்துவிடும். லைன் பாரம் குறையும். கடைசிக் கம்பத்துக்காரருக்கும் வோல்டேஜ் கிடைக்கும்.

இரண்டாவது, மும்முனைக் கரெண்ட் இல்லாத நேரத்தில் கண்டென்சர் மாட்டி மோட்டார் ஓட்டாதீர்கள். அதனால் டிரான்ஸ்பார்மரும் கெடும், உங்கள் காயிலும் கருகும்.

மூன்றாவது, கரெண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஆட்டோ ஸ்விட்சில் ஒரே நொடியில் கிளம்பக் கூடாது. கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதில்தான் பீஸ் போகிறது. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்டவர்கள் பேசி, ஒருவர் பின் ஒருவராகப் போட்டுக்கொள்ளுங்கள். முறைத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.