வீட்டு மொழி ஏட்டில் ஏறிய காலம்

உலக சரித்திரத்தில் ஒரு யுகம் முடிந்து மற்றொரு யுகம் தொடங்கிய காலம் எது என்று கேட்டால், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் அதன் பின் வந்த இரண்டு நூற்றாண்டுகளையும் சொல்வது வழக்கம். 1492-இல் கொலம்பஸ் மேற்கே கடல் கடந்ததும், 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததும் உடனே நம் நினைவுக்கு வரும். இவை எல்லோர் கண்ணிலும் பட்ட திருப்பங்கள். அதே காலத்தில் அவ்வளவு ஓசையின்றி நிகழ்ந்த மற்றொரு திருப்பமும் உண்டு. மக்கள் அடுப்படியிலும் தெருவிலும் பேசிய மொழி, அறிவையும் சட்டத்தையும் சமயத்தையும் சொல்லும் மொழியாக ஏட்டில் ஏறியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆகையால் அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்நாளில் மேற்கு ஐரோப்பாவின் கல்வி மொழி லத்தீன். தாந்தே போன்ற கவிஞர்கள் மக்கள் மொழியில் பாடியது உண்டு. ஆயினும் மருத்துவம், வானசாஸ்திரம், சமய ஆராய்ச்சி எல்லாம் பெரும்பாலும் லத்தீனிலேயே இருந்தன. அதில் ஒரு நன்மையும் இருந்தது. போலந்து நாட்டு அறிஞர் எழுதியதை இத்தாலி நாட்டு அறிஞர் தடையின்றிப் படித்தார். உழவருக்கும் தச்சருக்குமோ அது பூட்டிய கதவாக இருந்தது. கோயிலில் தமக்காகச் சொல்லப்பட்ட பிரார்த்தனையின் பொருளையே அவர்கள் பிறர் சொல்லித்தான் அறிந்தனர்.

1455-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்டு முடித்த பைபிளும் லத்தீன் பைபிளே. ஆனால் அச்சுத் தொழில் ஒரு வியாபாரம் அன்றோ? லத்தீன் படித்தவர்களின் தொகை சிறியது. அவர்கள் வாங்கிய பிறகு யாருக்கு விற்பது? அச்சகத்தாரின் பார்வை மெல்ல மெல்ல மக்கள் மொழியின் பக்கம் திரும்பியது.

இந்நிலையில் 1521-இல் திருச்சபையின் தண்டனைக்கும் பேரரசரின் தடைக்கும் ஆளான மார்ட்டின் லூதர், வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். அங்கே ஏறக்குறைய 11 வாரங்களில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். 1522 செப்டம்பரில் அது வெளிவந்தது. டிசம்பரிலேயே இரண்டாம் பதிப்பு வேண்டியிருந்தது. அதற்கு முன்னும் ஜெர்மானிய மொழியில் பைபிள்கள் அச்சாகியிருந்தன. அவை லத்தீன் வாக்கியத்தின் போக்கை ஒட்டியே நடந்தவை. லூதரோ மக்களின் பேச்சுக்குச் செவி கொடுத்தார். வீட்டில் தாய்மார்களும் தெருவில் குழந்தைகளும் சந்தையில் சாமானியரும் பேசும் முறையைக் கவனித்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பது 1530-இல் அவர் வெளியிட்ட கடிதம் ஒன்றின் சாரம். ஆட்டின் உறுப்புகளுக்கு உரிய சொற்களை அறிவதற்காக, இறைச்சிக் கடைக்காரரை ஆடு அறுக்கச் செய்து ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டறிந்தார் என்று, அவருடைய வரலாற்றைக் கூறிய மாத்தேசியுஸ் சொல்கிறார்.

இங்கிலாந்தில் இப்பணிக்கு விலையாக ஓர் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே திருச்சபையின் அனுமதியின்றிப் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்க்கக் கூடாது என்ற தடை இருந்தது. வில்லியம் டின்டேல் 1524-இல் நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டது. லண்டன் பிஷப் அதை எரிக்கச் செய்தார். 1535-இல் டின்டேல் ஆண்ட்வெர்ப்பில் பிடிபட்டார். மறு ஆண்டு கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டு, அவர் உடல் தீயில் இடப்பட்டது. மூன்று ஆண்டுகள் சென்றன. 1539-இல், பெரும்பகுதி அவருடைய சொற்களையே கொண்ட ஆங்கில பைபிள், அதே நாட்டு அரசரின் ஆதரவுடன் ஆலயங்களில் வைக்கப்பட்டது.

மொழிபெயர்ப்புப் பணி ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1607-இல் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில், இத்தாலிய பாதிரியார் மத்தேயோ ரிச்சியும் சீன அறிஞர் சூ குவாங்ச்சியும் யூக்ளிடின் கணித நூலில் முதல் ஆறு பகுதிகளைச் சீன மொழியில் வெளியிட்டனர். ரிச்சி பொருளை விளக்க, சூ எழுதினார். அவர்கள் நிலைநாட்டிய கலைச்சொற்கள் பல இன்றும் சீனப் பள்ளிகளில் வழங்குகின்றன. இத்தாலியில் கலிலியோ, 1610-இல் தம் தொலைநோக்கி காட்டிய புதுமைகளை லத்தீனில் எழுதியவர், 1632-இல் உலக அமைப்பைப் பற்றிய உரையாடலை இத்தாலிய மொழியிலேயே எழுதினார். மறு ஆண்டு அந்நூல் தடை செய்யப்பட்டது. ஆசிரியர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

இத்திருப்பத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. 1539-இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸ் பிறப்பித்த ஆணை, நீதிமன்றப் பத்திரங்கள் லத்தீனை விட்டுப் பிரெஞ்சுத் தாய்மொழியில் அமைய வேண்டும் என்றது. ஆனால் தெற்குப் பிரான்சின் மக்கள் வீட்டில் பேசியது ஒக்சிதான் மொழி. நாளடைவில் அவர்கள் மொழி நீதிமன்றத்திலிருந்து மறைந்தது. அரியணை ஏறிய ஒரு தாய்மொழி, தன் பக்கத்துத் தாய்மொழியை மறந்துவிடக் கூடும். மராத்தியும் வங்காளியும் கன்னடமும் ஹிந்தியும் வழங்கும் ஊர்களில் வாழும் நாம் இதை மனத்திற் கொள்வது நல்லது. நம் மொழியின் அருமையை உணர்ந்தவர்க்குப் பிறர் மொழியின் அருமையும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழும் இத்திருப்பத்தில் பங்கு கொண்டது. 1578-இல் கொல்லத்தில், போர்ச்சுகீசிய பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் தமிழில் பெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட சமயப் போதனை நூல் அது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்ற சிறப்பு அதற்கு உண்டு. அது பிறந்த கொல்லம் இன்று கேரள மாநிலத்தில் இருப்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் ஒரு மூதாட்டி. டில்லியில் எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழ் அம்மையார் அவர். ஊரிலிருந்து மகன் அனுப்பிய அச்சுத் தாள் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்தார். முதியோருக்கான உதவித் திட்டம் பற்றிய அறிவிப்பு அது.

“தமிழ்லதான் போட்டிருக்கு தம்பி. எழுத்துக் கூட்டிப் படிச்சும் பார்த்தேன். என்ன சொல்றாங்கன்னுதான் விளங்கலே” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நான் மொழிபெயர்த்த அறிவிப்பு! ‘மேற்கூறிய வயது வரம்பினை எய்தியிராத விண்ணப்பதாரர்கள் நீங்கலாக’ என்று தொடங்கிய வாக்கியம் ஏழு வரி ஓடியது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. “உங்களுக்கு இது கிடைக்கும் அம்மா. ஆனால் மனுக் கொடுக்கும் தவணை போன மாதமே முடிந்துவிட்டது” என்றேன். “அப்படியா தம்பி” என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

லத்தீன் என்பது ஒரு மொழியின் பெயர் மட்டும் அன்று என்று அன்று எனக்குத் தெரிந்தது. நாமே நம் தாய்மொழியை மற்றொரு லத்தீனாக ஆக்கிவிட முடியும். அன்று முதல், பொதுமக்களுக்கான எந்த அறிவிப்பையும் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே முடித்துக் கொடுக்கிறேன். என் மனைவி முகம் சுளிக்கும் இடத்தில் வாக்கியத்தை மாற்றிவிடுவேன்.

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளில் பலர் தமிழைப் பேசுகிறார்கள், படிக்க அறியார்கள். அச்சம்மையாரோ எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பொருள் அறியாது நின்றார். வீட்டையும் ஏட்டையும் இணைக்க உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. நம்மிடம் அவ்வளவு கேட்பார் இல்லை. வாரம் ஒருமுறை, ஊரில் உள்ள பாட்டிக்குக் குழந்தையின் கையால் தமிழில் நான்கு வரி எழுதச் செய்யுங்கள். பாட்டிக்குப் புரிகிற தமிழாக அது இருந்தால் போதும்.