மாத்திரை வேண்டும், பாடம் வேண்டாமா?

(டோல்கேட் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஹார்பரில் ஷிஃப்ட் முடித்து டிபன் பாக்ஸோடு வந்து நிற்கும் தோழர்களே, காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே, முன்வரிசைப் பள்ளிப் பிள்ளைகளே, கன்டெய்னர் லாரி இரைச்சலையும் தாண்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நெருங்கி வாருங்கள்.

பள்ளியில் பரிணாமப் பாடம் வேண்டும் என்ற இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்தபோது ஒரு தம்பி என்னை மடக்கினார். "அண்ணே, டார்வினை நம்பாதவனுக்குக் காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாதா? அப்புறம் எதுக்கு இந்தக் கூட்டம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலை செய்யும் தம்பி. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் வேலை செய்யும். அறிவியலின் பெருமையே அதுதான்.

இன்னும் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். பரிணாமத்தை ஏற்காத டாக்டர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை அருமையாகச் செய்வார். ஒடிந்த எலும்பைச் சேர்ப்பார். ஜென்னர் அம்மைக்குத் தடுப்பூசி போட்டது 1796. டார்வின் புத்தகம் வந்தது 1859. பரிணாமம் என்ற சொல்லே இல்லாமல் மருத்துவம் வெகுதூரம் வந்தது என்பது வரலாறு. அதை மறைத்துப் பேசினால் எதிரணிக்காரன் நாளைக்கே நம்மைப் பொய்யன் என்பான்.

அப்படியானால் சண்டை யாரோடு? நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில் காலை ஆறு மணிக்கே நிற்கும் தாயோடு எனக்குச் சண்டை இல்லை. ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணனோடும் இல்லை. தொழுதுவிட்டு வந்து மருந்துச் சீட்டை நீட்டும் பாயோடும் இல்லை. பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டிவிட்டது என்று 1996இல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால். பரம்பரையின் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்த மெண்டல் ஒரு மடத்துத் துறவி. கும்பிடுகிறவன் கும்பிடட்டும்.

என் சண்டை அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களோடு. 2018 ஜனவரியில் ஒன்றியக் கல்வித் துறையின் இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் எழுதி வைக்கவில்லையாம். அதுதான் அவர் காட்டிய ஆதாரம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. கொரோனா வந்தது. பிள்ளைகளுக்குச் சுமை குறைக்கிறோம் என்று சொல்லி, ஒன்றிய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. கொரோனா போயிற்று, பாடம் திரும்பவில்லை. 2023இல் வந்த புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறார்கள். யாருக்கு இருக்கிறது? உயிரியல் எடுத்தவனுக்கு. பத்து முடித்து ஐ.டி.ஐ.க்குப் போகிற எண்ணூர்ப் பையனுக்கு? காமர்ஸ் எடுக்கும் தண்டையார்பேட்டைப் பெண்ணுக்கு? தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. அந்த வகையில் நமக்கு ஆறுதல். ஆனால் அந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை நடத்தும், சி.பி.எஸ்.இ. என்று போர்டு மாட்டிய பள்ளிகள் நம் தெருவுக்குள்ளும் வந்துவிட்டன.

அந்தப் பாடத்தை நீக்கியதால் யாருக்கு என்ன நட்டம்? நமக்குத் தெரிந்த நோயிலிருந்தே பார்ப்போம்.

டிபி. இந்தக் கூட்டத்தில் அந்தச் சொல் நுழையாத வீட்டுக்காரர் எத்தனை பேர் இருப்பீர்கள்? நுரையீரலில் குழி விழுந்த ஒருவரின் நெஞ்சுக்குள் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. பெருகும்போது மரபணுவில் அங்கங்கே எழுத்துப் பிழை விழும். ஐசோனியசிட் என்ற மருந்துக்கு மசியாத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, மருந்து உள்ளே போவதற்கு முன்பே, தானாகவே பிறந்திருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. இப்போது ஐசோனியசிட்டை மட்டும் கொடுங்கள். மற்றதெல்லாம் சாகும், நூறோ ஆயிரமோ தப்பும். காசிமேட்டு அக்காவுக்கு இது புதிதல்ல: பெரிய கண் வலையை வருஷக்கணக்கில் போட்டால் கடலில் மிஞ்சி முட்டையிடுவது கண்ணில் நுழைந்து தப்பிய மீன்தான். தப்பிய கிருமியின் பிள்ளைகள்தான் பிறகு நெஞ்சை நிறைக்கும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான். டார்வின் போன கலாபகோஸ் தீவு வரை போக வேண்டாம். டோல்கேட்டில் ஒரு மனிதனின் விலா எலும்புக்குள் நடக்கிறது.

இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் கிடையாது. டிபிக்கு ஏன் ஒரு மருந்துக்குப் பதில் ஒரு மருந்துக் கூட்டணி என்று கேட்டால், விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 1948இல் முடிவு வெளியான ஆய்வில் ஸ்டிரெப்டோமைசினை மட்டும் கொடுத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள், பிறகு கிருமி மருந்தை வென்றது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இருக்கிறதே, இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அதுதான். சத்தான சாப்பாடும் காற்றோட்டமான அறையும் இல்லாத ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே வைத்துக் கூட்டு மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் படுக்க வைத்தவருக்கு ஈடாகவே வீட்டில் இருந்தவரும் தேறினார்கள் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னார்கள். ஊர் ஊராகச் சானடோரியங்களை மூட வழி செய்த ஆய்வு அது. சென்னைக் குடிசைவாசியின் நெஞ்சிலிருந்து உலகம் கற்றது. அந்தச் சென்னைக்கா பரிணாமம் பொய் என்று பாடம் நடத்துகிறீர்கள்?

இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சின்ன டப்பாவில் வாங்கி சிபிநாட் மெஷினில் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவு. அந்த மெஷின் என்ன தேடுகிறது தெரியுமா? டிபி கிருமியின் மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டில் பிழை விழுந்திருக்கிறதா என்று தேடுகிறது. விழுந்திருந்தால் ரிஃபாம்பிசின் பலிக்காது, வேறு மருந்து. கிருமி மாறாது, படைத்தது படைத்தபடியே இருக்கும் என்பவருக்கு அந்த மெஷின் எதற்கு?

இரண்டாவது கதை காலரா. பேதி கண்டால் வடசென்னைக்காரன் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரி. இங்கிருந்து கூப்பிடு தூரம். 1992 கடைசியில் இந்த மதராஸில் ஒரு புதுக் காலரா கிளம்பியது. அதுவரை ஊரை அழித்த காலராவெல்லாம் ஓ1 என்ற ஒரே வகை. பரிசோதனைக் கூடத்தில் கிருமியோடு ஓ1 சீரத்தைக் கலந்தால் திரண்டு நிற்கும், காலரா என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கிருமி திரளவில்லை. நோயாளிக்கோ சுத்தமான காலரா பேதி. தெரிந்த 138 வகைச் சீரத்துக்கும் அது சிக்கவில்லை. ஓ139 என்று பெயர் வைத்தார்கள். சில மாதத்தில் கல்கத்தா, வங்கதேசம். பழைய காலராவைக் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் சாய்த்தது, ஏனென்றால் உடம்புக்கு அது முன்பின் தெரியாத முகம். பிறகு மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: பழைய ஓ1 கிருமிதான், மேல்தோலை உண்டாக்கும் மரபணுத் தொகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அப்புறம் இரண்டு வகைக்கும் சேர்த்து வாய்வழித் தடுப்பு மருந்து செய்தார்கள். நம் கடற்கரையில் பிறந்த கிருமி, அந்தத் தடுப்பு மருந்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

இங்கே எதிரணியிலிருந்து ஒரு புத்திசாலி எழுவார். "கிருமி கொஞ்சம் மாறும், ஒத்துக்கொள்கிறோம். காலரா காலராதானே, மீனாகவில்லையே? மனிதனுக்கும் மிருகத்துக்கும் உறவு என்பதைத்தான் மறுக்கிறோம்" என்பார். இவர் கிருமியே மாறாது என்பவரைவிடக் கெட்டிக்காரர். இவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஐயா, உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் யாராவது உண்டா? இன்சுலின் 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் உலகத்துச் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது பன்றியின் கணையமும் மாட்டின் கணையமும். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியினுடையது அதில் ஓர் இடத்தில் மட்டும் வேறு. மாட்டினுடையது மூன்று இடத்தில். 1982இல் பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் செய்த இன்சுலின் கடைக்கு வந்தது. மனிதனின் எழுத்தை பாக்டீரியா எப்படிப் படித்தது? இரண்டுக்கும் ஒரே எழுத்துமுறை என்பதால். உறவே இல்லாதவர் வீட்டுச் சாவி உங்கள் பூட்டை ஏன் ஐயா திறக்கிறது?

ஒரே கடவுள் ஒரே மாதிரி படைத்தார் என்பீர்கள். சரி, நன்றாக வேலை செய்கிற உறுப்புக்கு அந்தப் பதில் பொருந்துவதாகவே வைத்துக்கொள்வோம். கெட்டுப்போனதற்கு? இது துறைமுகப் பகுதி, கப்பல்காரன் கதையே சொல்கிறேன். அந்தக் காலத்து மாலுமிகள் மாதக்கணக்கில் காய்கறி இல்லாமல் கடலில் கிடந்து, ஈறு வீங்கி, பல் கொட்டி, ஸ்கர்வி நோயில் செத்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றிக் காட்டினார். அதே கப்பலின் எலிக்கு ஸ்கர்வி வரவில்லை. எலியும் ஆடும் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது. அதைச் செய்யும் மரபணு நம்மிடம் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது, குரங்கிடமும்தான். இன்றைய குரங்கு நம் பாட்டன் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. இருவருக்கும் மூத்த ஒரு பொதுப் பாட்டன் இருந்தான், அவனிடம் உடைந்தது இரண்டு கிளைக்கும் வந்தது என்கிறார்கள். வேறு விளக்கம் இருந்தால் மேடை உங்களுக்குத் தருகிறோம்.

தோழர்களே, இப்போது நம் தெருவுக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு வேளைக்குக் குடுப்பா" என்று கேட்டு, அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்து வாங்கிக்கொண்டு போகிறோம். முழுக் கோர்ஸுக்குக் காசு இல்லை, நாள்கூலி போய்விடும், அதனால். ஆன்டிபயாட்டிக் அட்டையில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே, சொன்ன கணக்கைக் குறைக்காதே என்பதற்கான கோடு. அந்தக் கோடு ஏன் என்று பத்தாம் வகுப்பில் யார் சொல்லித் தருவது? பரிணாமத்தை நீக்கிவிட்டால் அது வெறும் சிவப்பு மை. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945இல் நோபல் மேடையிலேயே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் என்.டி.எம்-1 மரபணு பரவுவதை 2010இல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வில் சென்னை ஆய்வாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். சென்னை நோயாளிகளிடமிருந்தே 44 மாதிரிகள். 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி, மருந்து எதிர்ப்பை எதிர்கொள்ள வெளியிட்ட அறிக்கைக்குப் பெயரே சென்னைப் பிரகடனம்.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில்தான் கிருமிக்கு வேகமாகப் பரவ வழி. மருந்துக்கு அடங்காத டிபி வந்தால் மாதக்கணக்கில் வேலை போகிறது, பிள்ளை படிப்பு நிற்கிறது. டார்வினை மறுத்துப் பேசுகிற அமைச்சருக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று கல்ச்சர் எடுத்துப் பார்த்து ஊசி போட ஆள் இருக்கிறது. பரிணாமத்தை மருத்துவம் அவருக்குச் சலுகையாகத் தருகிறது. நம் பிள்ளைக்கு அறிவாகத் தர அவர் மறுக்கிறார். என் கோபம் இதுதான்.

1923இல் இந்த நகரத்தில் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. கூலிப் பிரச்சினையோடு நிறுத்திக்கொண்டாரா? அறிவியலைத் தமிழில், உழைப்பாளிக்குப் புரியும்படி 'குடி அரசு' ஏட்டில் எழுதினார். கூலி உயர்வும் அறிவியலும் அவருக்கு ஒரே போராட்டம்.

தீர்மானத்தைப் படிக்கிறேன். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பாடத்தை முழுமையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். அத்தோடு, மருந்து எதிர்ப்பு எப்படி உண்டாகிறது என்பதை எல்லாப் பாடத்திட்டத்திலும் எட்டாம் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்; பத்துக்கு முன்பே படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் நம்மிடம்தான் அதிகம். ஒப்புதல் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.

மேடைக்கு வலப்பக்கம் மேஜையில் படிவம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து மேஜையில் இன்னொரு நோட்டு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள், பாதியில் டிபி மாத்திரையை நிறுத்தியவர்கள் அதில் பெயர் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம். நாளைக் காலை ஏழு மணிக்கு இதே இடத்திலிருந்து ஸ்டான்லிக்குக் கூட்டிப்போக நம் தோழர்கள் ஆட்டோவோடு நிற்பார்கள்.