செம்பைக் கரைக்கும் செம்பு



இராகலையில் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் ஒருநாள் போத்தலொன்றுடன் என் முன் வந்து நின்றான். மின்சுற்றுப் பலகை செய்தபின் எஞ்சிய நீர் அது. கடும் பழுப்பு நிறம். "சேர், இது செத்துப் போயிற்று. கானில் ஊற்றிவிடட்டுமா?" என்று கேட்டான். கலை பயின்ற எனக்கு மறுமொழி தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரை நாடினேன். அவரிடம் கற்றதையே இன்று கூறுகிறேன்.

மின்சுற்றுப் பலகை என்பது யாது? மின்கடத்தாப் பலகையின்மேல் மெல்லிய செப்புத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் செல்லவேண்டிய வழிகளை மையால் மூடி, அரிக்கும் நீரில் இட்டால், மூடாத செம்பு கரைந்துவிடும். வழிகள் மட்டும் எஞ்சும். வியன்னாவிற் பிறந்த பவுல் ஐஸ்லர் என்பார் 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சிட்ட சுற்றினை ஒரு வானொலிப் பெட்டியிலேயே அமைத்தார்.

அரிக்கும் நீர் செய்வதற்கு, மருந்துக்கடையிற் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு இரண்டு பங்கில், ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு பங்கு சேர்ப்பர். முதலிற் கரையும் செம்பு செப்புக் குளோரைட்டாகி, நீர் பச்சை நிறம் பெறும். அதன்பின் நிகழ்வதே விந்தை. அந்தக் குளோரைட்டே புதிய செம்பைக் கரைக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பதுபோலச் செம்பைச் செம்பே எடுக்கிறது. கரைக்கக் கரைக்க வலுவிழந்து பழுப்பாகிறது. அது சாவன்று, களைப்பே. மீன்தொட்டிக்குரிய சிறு பம்பியினாற் காற்றைச் செலுத்தினால், காற்றிலுள்ள ஒட்சிசன் அதனை மீண்டும் பச்சையாக்கும். இடையிடையே சிறிது அமிலம் சேர்த்தாற் போதும்.

ஆயினும் ஆசிரியர் துணையின்றி மாணவர் இதில் இறங்கலாகாது. திறந்த வெளியில், கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் அணிந்து செய்க. அமிலத்தையே மற்றதில் மெல்ல ஊற்றுக. உலோகப் பாத்திரம் ஆகாது. வாயு எழுமாதலால் போத்தலை இறுக மூடவும் கூடாது.

கானில் ஊற்றினால் என்ன நேரும்? செம்பின் கடுமையைத் தோட்ட மக்கள் அறிவர். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபின், அந்தப் பூஞ்சணத்தைத் தடுக்கத் தெளித்தது செம்பு கலந்த மருந்தையே. பூஞ்சணத்தைக் கொல்லும் செம்பு, ஓடையிற் சேர்ந்தால் மீனையும் கொல்லும். நம் கான்கள் ஓடையைச் சேர்கின்றன; ஓடைகள் மகாவலியைச் சேர்கின்றன. இடையில் எத்தனை லயங்கள், எத்தனை பீலிகள்!

களைத்ததைச் செத்ததென்று எறிந்துவிடுதல் எளிது. காற்றூட்டிக் காத்திருத்தலே கல்வி. அந்தப் போத்தல் இன்று பச்சை நிறத்துடன் எங்கள் விஞ்ஞானகூடத்தில் இருக்கிறது.